முதுகு காட்டும் அட்டை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு வீட்டுப்பாடமாக வந்தது. நான் போகிற மாலை வகுப்பில், இப்போது யாரோடு உங்களுக்குப் பேச்சு இல்லையோ அவர் பக்கத்தில் நின்று ஒரு கதை எழுதி வாருங்கள் என்றார்கள். பின் வரிசையிலிருந்த தையல்காரர் மட்டும், "ஒருத்தரை எழுதினாப் போதுமா, இல்ல எல்லாரையும் எழுதணுமா?" என்று கேட்டார்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அண்ணி இருந்தாள். என் அண்ணனின் மனைவி. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே பஸ்ஸில் போகிறோம், ஒரே தொழிற்சாலையில் வேலை பார்க்கிறோம். இத்தனை நெருக்கத்தில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. அதற்குத் தனித் திறமை வேண்டும். அது எங்கள் இருவருக்குமே இருப்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

கதையில் நாத்தனார் என்று ஒருத்தி வருவாள். அது நான்தான். கடைசியில் திரையை விலக்கி உங்களைத் திடுக்கிட வைக்கும் உத்தேசம் இல்லை. ஆனால் அவளை 'நான்' என்று எழுத மாட்டேன். எழுதினால் இரண்டாவது வரியிலேயே அவளுக்காக வாதாட ஆரம்பித்துவிடுவேன். கதை அண்ணியின் தோளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதுதான் பாடம்.

(நேரில் 'நீங்க, வாங்க' என்று பேசுகிற மனுஷியை 'அவள்' என்று எழுதக் கை கூசுகிறது. 'அண்ணி சொன்னார்' என்று எழுதிப் பார்த்தேன். ஏதோ அதிகாரியைப் பற்றிய செய்திபோல இருந்தது. 'அவள்' என்றால்தான் பக்கத்தில் வருகிறாள். மன்னிப்பை நேரில் கேட்டுக்கொள்கிறேன், பேச்சு வந்த பிறகு.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

உலையிலிருந்து வெளியே வரும் இரும்பு தன் ரகசியத்தை யாரிடமும்—

[விட்டுவிட்டேன். அண்ணி இதைப் படித்தால், "இரும்பு எதுக்கு நம்மகிட்ட சொல்லணும்?" என்பாள். நியாயமான கேள்வி.]

இரண்டாவது முயற்சி:

அன்றைக்கும் எல்லாம் வழக்கம்போலத்தான்—

[இதையும் விட்டேன். வழக்கம்போல இருந்ததுதான் பிரச்சினையே. ஆனால் அதை முதல் வரியிலேயே சொன்னால் உங்களுக்கு என்ன புரியும்?]

மூன்றாவது:

அந்தத் தொழிற்சாலையில் சக்கர நாற்காலிக்கான அச்சுகளைச் செய்கிறார்கள். அச்சு என்பது விரல் நீளத்தில், விரலைவிடக் கொஞ்சம் பருமனாக, வழுவழுப்பான ஓர் இரும்புத் துண்டு. சக்கரமும் நாற்காலியும் அதில்தான் சேர்கின்றன. கடைசல் மெஷினிலிருந்து வரும்போது அது மென்மையாக இருக்கும். உலையில் சூடாக்கி எண்ணெயில் முக்கி எடுத்தால் இறுகும். இறுகியதை மெருகுபோட்டுத் துடைத்துவிட்டால் பழைய பளபளப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு உலைக்குப் போய்வந்த அச்சையும் போகாத அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கையில் தூக்கிப் பார்த்தாலும் தெரியாது. அட்டையைப் பார்த்தால்தான் தெரியும்.

[இந்தத் தொடக்கம் அழகாக இல்லை. ஆனால் இதில் பொய் இல்லை. பச்சை அட்டை மாட்டி மேலே அனுப்புகிறேன்.]

அச்சுகள் ட்ராலியில்தான் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகும். ட்ராலியின் கைப்பிடியில் ஓர் அட்டையைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். மஞ்சள் என்றால் பொறு. பச்சை என்றால் போகலாம். சிவப்பு என்றால் ஆகாது. அட்டை மாட்டுவது அண்ணியின் வேலை. ஒவ்வொரு ட்ராலியிலிருந்தும் சில அச்சுகளை எடுத்து, கடினம் பார்க்கும் மெஷினில் வைத்து, நெம்புகோலை இழுப்பாள். ஒரு சின்ன வைர முனை இறங்கி அச்சை அழுத்தும். மெஷினில் கடிகாரம்போல இருக்கும் வட்டத்தில் முள் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு இறுக்கம். சரியாக இருந்தால் பச்சை.

* அழுத்திப் பார்த்த அச்சில் ஒரு புள்ளி விழுந்துவிடும். அதனால் அது ட்ராலிக்குத் திரும்பாது. அண்ணியின் மேசையில் ஒரு தட்டு இருக்கிறது. எல்லா ட்ராலியின் அச்சுகளும் அதில் ஒன்றாகக் கிடக்கும். இதை இங்கே சொல்லிவைக்கக் காரணம், புள்ளி விழுந்த அச்சைத் தேடியிருக்கலாமே என்று நீங்கள் பிறகு கேட்கக்கூடும்.

இனி, கதைக்கு அவசியமான ஒரு கெட்ட பழக்கம். ட்ராலி காலியானதும் அட்டையைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். அது சட்டம். ஆனால் கையுறையோடு அந்தக் கம்பியைப் பிரிப்பது பெரும்பாடு. அதனால் எல்லோரும் அட்டையை அப்படியே திருப்பிவிடுவார்கள். பின்பக்கம் வெறும் வெள்ளை. வெள்ளை தெரிந்தால், இந்த அட்டை இப்போது எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம். அதற்கு 'முதுகு காட்டுறது' என்று பெயர். அந்த ட்ராலி முதுகு காட்டுது, நிரப்பிக்கோ என்பார்கள். சுவரில் ஒட்டிவைத்த சட்டத்தைவிட இது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அண்ணியும் இதைக் கண்டும் காணாமல்தான் இருந்தாள். மின்விசிறி வரும்வரை.

3

[அண்ணியின் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன்.]

அண்ணி கையுறையை மாட்டிக்கொண்டே தன் அறையிலிருந்து வெளியே வந்தாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கப்போகும் நேரம். சரக்கு அனுப்பும் வாசலருகே மூன்று ட்ராலிகள் வரிசையாக நின்றன. மூன்றிலும் பச்சை. வாசலுக்கு வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது.

உலைப் பக்கம் வெக்கை தாங்கவில்லை என்று எல்லோரும் கேட்டுக் கேட்டு, கடைசியில் புதிதாக ஒரு மின்விசிறி வாங்கி வைத்திருந்தார்கள். இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பும் வகை. அதன் காற்று மூன்றாவது ட்ராலியின் மேல் பட்டபோது, கைப்பிடியிலிருந்த அட்டை மெல்ல எழுந்து புரண்டது. வெள்ளை. விசிறி அந்தப் பக்கம் திரும்பிப் போனது. மறுபடி வந்தது. அட்டை புரண்டது. பச்சை.

அண்ணி நின்றுவிட்டாள்.

பச்சை அவள் மாட்டியதுதான். எப்போது மாட்டியது? இந்தச் சரக்குக்கா, அல்லது காலையில் இதே ட்ராலியில் வந்து இறங்கிப்போன சரக்குக்கா? அட்டையில் எழுதியிருந்தது இன்றைய தேதி. இரண்டுக்கும் அதே தேதிதான் இருந்திருக்கும். பக்கத்தில் எழுதியிருந்த சரக்கு நம்பரை யாருடைய எண்ணெய்க் கையோ தேய்த்து அழித்திருந்தது. காலையிலிருந்து அவள் நிறைய ட்ராலிகளைப் பார்த்திருந்தாள். இதைப் பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது.

[இந்த இடத்தில் அண்ணிக்கு ஒரு பழைய நினைவு வருவதுபோல எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. அடித்துவிட்டேன். அவள் அப்போது அட்டையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.]

இதை நிரப்பியது யார் என்று கேட்டாள். உலையிலிருந்து வரும் சரக்கை ட்ராலியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வருவது நாத்தனாரின் வேலை. அவள் முன்னால் வந்தாள்.

"நான்தான் அண்ணி. ஃபர்னஸ்ல இருந்து வந்ததுதான். நானே எடுத்துப் போட்டேன்."

நாத்தனார் அங்கே இன்னும் தற்காலிகம். யாரை நிரந்தரமாக்குவது என்று அந்த வாரம்தான் மேலே பேசிக்கொண்டிருந்தார்கள். பச்சையை எடுத்துவிட்டு மஞ்சள் மாட்டுவது அங்கே சின்ன விஷயமும் இல்லை. அனுப்புவது நிற்கும். காரணம் கேட்பார்கள். அந்த ட்ராலியைக் கடைசியாகத் தள்ளியவர் யார் என்று ஒரு பெயரும் மேலே போகும். தற்காலிகமாக இருப்பவளின் பெயர் அந்த வாரத்தில் அப்படி மேலே போனால் என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அப்போது அவசரம் வந்தார். லாரி ஏற்றி அனுப்புகிறவர். எதைச் சொன்னாலும் 'அவசரம்' என்றே ஆரம்பிப்பதால் அவருடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துவிட்டது. அவர் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று கேள்வி.

"அவசரம். லாரிக்காரர் இஞ்சினையே அணைக்கல. மூணையும் ஏத்திடலாமா?"

இரண்டை ஏற்றுங்கள், மூன்றாவது இருக்கட்டும் என்றாள் அண்ணி. அதுவும் பச்சைதானே என்று அவர் கையை நீட்டிக் காட்டினார். நேரம் பார்த்து விசிறி இந்தப் பக்கம் திரும்பியது. அட்டை வெள்ளையானது. அவசரம் அட்டையையும் விசிறியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, இது குடும்ப விவகாரம் என்பதுபோல முதல் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள்.

"அட்டையை மாத்தாம சும்மா ரெண்டு எடுத்துப் பாருங்களேன் அண்ணி. கொஞ்ச நேரம்தான் ஆகும். சரியா இருந்தா யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்."

"பார்த்து முடிக்கிற வரைக்கும் இது பச்சை இல்லையே."

"நான் சொல்றேன்ல. அது போதாதா? வீட்டுல நான் எது சொன்னாலும் நம்புறீங்க."

"வீட்டுல நீ தப்பாச் சொன்னா நான் பட்டுக்குவேன். இதுல வேற யாரோ உக்காரப் போறாங்க."

அண்ணி கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் கம்பியைப் பிரித்தாள். பச்சையை எடுத்துப் பையில் போட்டாள். மஞ்சளைக் கட்டினாள். நிறுத்திவைக்கும் சரக்குக்கென்று தரையில் மஞ்சள் கோடு போட்ட ஒரு மூலை உண்டு. ட்ராலியை அங்கே கொண்டுபோக வேண்டும். நிரம்பிய ட்ராலியை இரண்டு பேராகத் தள்ளுவதுதான் வழக்கம். நாத்தனார் கைப்பிடியின் மறுபக்கத்தில் கை வைக்கப் போனாள்.

"நீ தொடாத," என்றாள் அண்ணி.

தனியாகவே தள்ளினாள். ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போனது. நாத்தனார் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கேன்டீனுக்குப் போய்விட்டாள்.

4

[இந்தப் பகுதி மஞ்சள். எனக்கே நிச்சயமில்லை.]

எழுதியதைத் திரும்பப் படித்தேன். அண்ணி ஓர் அறிவிப்புப் பலகைபோல வந்திருக்கிறாள். 'வேறு யாரோ உட்காரப் போகிறார்கள்' என்று சொல்லிவிட்டு, தலைக்குப் பின்னால் வெளிச்சத்தோடு நடந்து போகிறாள். எனக்குத் தெரிந்த அண்ணி இவள் இல்லை.

எனக்குத் தெரிந்த அண்ணி பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுப்பாள். கேட்டால் தனக்குக் காற்று ஒத்துக்கொள்ளாது என்பாள். வீட்டில் ஜன்னலடியில்தான் படுப்பாள். எனக்கும் அம்மாவுக்கும் முட்டிக்கொண்டால், என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்பே என் பக்கம் வந்து நிற்பாள். "கூட்டணி ரெடி" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்படியெல்லாம் விசாரிக்காமல் நம்புகிறவள் அன்று ஏன் நம்பவில்லை? கோபத்தோடு யோசித்தபோது இந்தக் கேள்வியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

(மஞ்சள் அட்டையை எங்கள் உறவுக்கே மாட்டிவிடலாம் என்றும் ஓர் ஆசை வந்தது. 'நாங்கள் இருவரும் நிறுத்திவைக்கப்பட்ட சரக்குபோல—' வேண்டாம். அந்த வாக்கியத்துக்குச் சிவப்பு. அட்டை இரும்புக்கு உரியது, அங்கேயே இருக்கட்டும்.)

வீட்டு நிலவரத்தையும் சொல்ல வேண்டும். அண்ணன்தான் பாவம், எங்களுக்கு நடுவில் தபால்காரன் ஆகிவிட்டான். மோட்டார் போட்டாச்சா என்று அண்ணிகிட்ட கேள் என்பேன். அண்ணி அடுத்த அறையில்கூட இல்லை, அவன் பக்கத்திலேயே துணி மடித்துக்கொண்டிருப்பாள். போட்டாச்சு என்று அவளிடம் சொல்லுங்கள் என்பாள் அண்ணி. ஒரு நாள் அவன் பொறுக்க முடியாமல், "ரெண்டு பேரும் ஒரே ரூம்லதானே இருக்கீங்க?" என்றான்.

"அதையும் அவங்ககிட்ட சொல்லிடு," என்றேன்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். அந்த ட்ராலிக்குள் கிடந்த அச்சுகள் அந்த நேரத்தில் இறுகியோ இறுகாமலோ இருந்தன. எந்த அட்டையை மாட்டினாலும் அவை மாறப்போவதில்லை. அப்படியானால் அட்டை எதைச் சொல்கிறது? அந்த ட்ராலியைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்கிறது. பச்சை என்றால் 'பார்த்துவிட்டோம்' என்று அர்த்தம். நாத்தனார் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கலாம். அண்ணி பார்த்தாளா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

இதை எழுதி முடிக்க எனக்கு மூன்று தாள் ஆனது. அண்ணி இதை ஒரு வரியில் சொல்லியிருந்தாள். மேலே இருக்கிறது, பாருங்கள்.

5

'நீ தொடாத' என்ற இடத்தில் கதை மாட்டிக்கொண்டது.

"நீ தொடாத," என்றாள் அண்ணி கடுமையாக.

"நீ தொடாத," என்றாள் அண்ணி, அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"நீ தொடாத," என்றாள் அண்ணி, ஏதோ அழுக்கைத்—

[நிறுத்தினேன். இது மூன்றும் நாத்தனார் எழுதுவது. என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.]

உண்மையில் அவள் எந்தக் குரலில் சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை. உலைச் சத்தம், லாரிச் சத்தம், விசிறிச் சத்தம். சொல் மட்டும் வந்து விழுந்தது. குரலை நான்தான் பிறகு, கேன்டீனில் உட்கார்ந்து, சேர்த்துக்கொண்டிருக்கிறேன். என்னை நம்பவில்லை, சரி; சரக்கில் கை வைக்கக்கூட ஆகாதவள் ஆகிவிட்டேனா? என் கோபமெல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. மஞ்சள் அட்டையைக்கூட மன்னித்திருப்பேன்.

ஆகவே ஒழுங்காகச் செய்து பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். அந்த நொடியில் அண்ணிக்கு என்னென்ன தெரியும்? ட்ராலி கனமானது என்று தெரியும். தனியாகத் தள்ளினால் அன்று முழுக்க இடுப்பு வலிக்கும் என்று தெரியும். நாத்தனார் தற்காலிகம் என்று தெரியும். அது என்ன வாரம் என்று தெரியும். காரணம் கேட்டு வருவார்கள் என்று தெரியும். வந்தவர்கள், இந்த ட்ராலியைக் கடைசியாகத் தள்ளியது யார் என்று—

எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தது நாத்தனார். அங்கிருந்து மஞ்சள் மூலைக்குத் தள்ளியது அண்ணி. தனியாக. உதவிக்கு வந்த கையைத் தொடாதே என்று தள்ளிவிட்டு.

தாளை மூடிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

[திரும்பி வந்து உட்கார்ந்ததும் சந்தேகம் வந்தது. கதை எழுதுகிறவளுக்கு இது ரொம்ப வசதியான கண்டுபிடிப்பு. வீட்டுப்பாடத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். உண்மையில் அண்ணி, மேற்கொண்டு யாரும் அந்தச் சரக்கைக் கலைத்துவிடக் கூடாது என்று மட்டும் நினைத்திருக்கலாம். அல்லது கோபத்திலேயே இருந்திருக்கலாம். எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக இதற்குப் பச்சை மாட்ட முடியாது. பார்த்து முடிக்கவில்லை.]

6

இதை எழுதத் திட்டமில்லை. நடந்துவிட்டது.

விடுமுறை நாள் காலை. சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி வைத்திருந்தேன். அண்ணி ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து, ஐந்தாம் பகுதியின் மேலேயே வைத்தாள்.

"என்ன எழுதுற?"

பேச்சு வந்துவிட்டது என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

"கிளாஸுக்கு. ஒரு கதை."

"யாரைப் பத்தி?"

"ஒரு அண்ணியைப் பத்தி."

"நல்லவளா?"

"இன்னும் பார்த்து முடிக்கல."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பை அடக்கினால் அவளுக்கு மூக்கு கொஞ்சம் அகலும். அகன்றது. மூன்றாம் பகுதியை எடுத்து நின்றபடியே படித்தாள். உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்த அண்ணன், தபால் வேலை போய்விட்டதைப் புரிந்துகொண்டு, சத்தமில்லாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

அண்ணி தன்னைப் பற்றி எழுதியிருந்த எதையும் மறுக்கவில்லை. இரண்டு திருத்தம் மட்டும் சொன்னாள். ட்ராலிச் சக்கரம் கிறீச்சிடவில்லையாம். அதற்கு முந்தின நாள்தான் எண்ணெய் விட்டிருந்தார்களாம். கையுறையையும் அவள் கழற்றவில்லை. கம்பியைப் பல்லால் கடித்து இழுத்தாளாம். அதன் ருசி வாயைவிட்டுப் போக ரொம்ப நேரம் ஆனதாம்.

* மேலே இரண்டையும் திருத்தவில்லை. தவறு தவறாகவே தெரியட்டும். ஆனால் கிறீச்சென்ற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

தாளைத் திருப்பி வைத்தபோது கேட்டுவிட்டேன்.

"மேல யார் பேரைச் சொன்னீங்க அண்ணி?"

அவள் மேசையிலிருந்த மற்றத் தாள்களைப் பார்த்தாள்.

"நீ என்ன எழுதியிருக்க?"

"இன்னும் எழுதல. தெரியல."

"தெரியாததை எழுதாம விட்டிருக்கியே. பரவாயில்ல." டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "குடி, ஆறுது."

போய்விட்டாள் என்று நினைத்தேன். அடுப்படி நிலையில் நின்று, என்னைப் பார்க்காமல், கையிலிருந்த துணியை உதறிக்கொண்டே சொன்னாள்.

"நீ நேரா கேன்டீனுக்குப் போயிட்ட. நான் மெஷின்கிட்ட நின்னு வாசலையே பார்த்துட்டு இருந்தேன். நீ வந்தா சேர்ந்து பார்க்கலாம்னு."

7

முடிவு ஒன்று: முள் ஏறவே இல்லை. அச்சுகள் மென்மையானவை. காலைச் சரக்கின் பச்சை, உலைக்குப் போகாத சரக்கின் மேல் புரண்டிருந்தது. நாத்தனார் தலைகுனிந்து—

முடிவு இரண்டு: முள் சரியான இடத்தில் போய் நின்றது. நாத்தனார் சொன்னது அத்தனையும் உண்மை. லாரி காத்திருந்ததுதான் மிச்சம். அவசரம் அன்று மாலைவரை—

இரண்டில் எது நடந்தது என்று எனக்குத் தெரியும். தொழிற்சாலை முழுக்கத் தெரியும். உங்களிடம் சொல்லப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலாவதைச் சொன்னால் அண்ணி கெட்டிக்காரி என்பீர்கள். இரண்டாவதைச் சொன்னால் பாவம் அந்த நாத்தனார் என்பீர்கள். எப்படியும் முள்ளை வைத்துத்தான் அவளை அளப்பீர்கள். அவள் மஞ்சளைக் கட்டியபோது முள் இன்னும் ஏறியிருக்கவில்லை. அவள் நின்ற இடம் அதுதான். அவள் தோளுக்குப் பின்னால் நிற்கச் சொன்ன பாடத்தில், அவளுக்குத் தெரியாததை உங்களுக்குச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

நிரந்தரமாகிறவர்களின் பெயர்களும் இன்னும் வெளியாகவில்லை. இது நான் மறைப்பதல்ல. உண்மையிலேயே வரவில்லை.

ஒரே ஓர் இடத்தை மட்டும் மாற்றி எழுத அனுமதி கொடுங்கள். மூன்றாம் பகுதியின் கடைசி வரியை அடிக்கிறேன்.

நாத்தனார் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். [பிறகு கேன்டீனுக்குப் போய்விட்டாள்.]

பிறகு அண்ணியின் அறை வாசலுக்குப் போனாள்.

அண்ணி மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் ட்ராலியிலிருந்து எடுத்துவந்த அச்சுகள் ஒரு துணியின் மேல் இருந்தன. வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். மேசைக்கு அடியிலிருந்த முக்காலியைக் காலால் வெளியே தள்ளினாள். நாத்தனார் உட்காரவில்லை. பக்கத்தில் போய் நின்றாள். அண்ணி ஓர் அச்சை எடுத்துத் துடைத்தாள். மெஷினில் வைத்து, அசைகிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தாள்.

"முள்ளைப் பாரு," என்றாள்.

இருவரும் பார்த்தார்கள்.

இதோடு நிறுத்துகிறேன். நெம்புகோலை நான் தொடவில்லை. அது உங்கள் பக்கம்தான் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் இந்தக் கதையின் கைப்பிடியில் ஒரு மஞ்சள் அட்டையைக் கட்டிவிட்டுப் போகிறேன். காற்றில் புரளாமல் மேலும் கீழும் முடிச்சுப் போட்டிருக்கிறேன். பார்த்து முடித்துவிட்டீர்கள் என்றால் கழற்றுங்கள். பல்லால் கடித்து இழுத்தாவது கழற்றுங்கள். சும்மா திருப்பிவிட்டு மட்டும் போய்விடாதீர்கள்.